குப்பையை எரிப்பது புத்தாக்கம் ஆகுமா?



ஆண்டுதோறும் புத்தாக்கப் போட்டிக் காலம் வந்துவிட்டால், நம் தமிழ்ப்பள்ளிகளின் கண்காட்சி மேசைகளில் ஒரு படைப்பு தவறாமல் வந்து அமர்ந்துகொள்கிறது. பழைய நாளிதழ்களையும் எழுதி முடித்த பயிற்சிப் புத்தகங்களையும் கிழித்து, நீரில் ஊறவைத்து, இடித்து, பிழிந்து, உருளையாக்கிக் காயவைத்த 'காகித விறகு'தான் அது. மேசைக்குப் பின்னால் சீருடையில் நிற்கும் மாணவன், "குப்பை குறையும், பணம் மிச்சமாகும், மரம் காக்கப்படும்" என்று மனப்பாடமாக ஒப்புவிப்பான். நடுவர்கள் தலையசைப்பார்கள். நற்சான்றிதழ் கிடைக்கும். மறுநாள் படம் எடுத்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள்.

இதைக் கண்டித்துத்தான் இன்று எழுதுகிறேன். சற்றுக் கடுமையாகவே எழுதப் போகிறேன். யாரையோ குறை கூறுகிறான் என்று எவரும் எண்ண வேண்டா. குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பவன் நானே.

நான் செய்த 'சாதனை'

சில ஆண்டுகளுக்கு முன்பு, கெடாவின் தென்பகுதியில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பணியாற்றியபோது, ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு நானும் காகித விறகு செய்தேன். செய்முறை எளிது. காகிதத்தைத் துண்டுதுண்டாகக் கிழித்து மூன்று நாள் ஊறவைத்தோம். உரலில் இட்டுக் குழைத்தோம். தளவாடப் பட்டறையில் கிடைத்த மரத்தூள், ஆலையில் வாங்கிய உமி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் அரிசிக் கஞ்சி ஆகியவற்றைச் சேர்த்தோம். துளையிட்ட பால்மாவு டின்னில் அடைத்து, மேலே கல் ஏற்றிப் பிழிந்து, வெயிலில் காயவைத்தோம்.

முதல் முயற்சி தோற்றது. கட்டை சரியாகத் தீப்பற்றவில்லை. கனன்று கனன்று புகைந்தது. கையால் பிழிந்த காகிதக் கூழில், பிழிந்த பின்பும் பாதிக்கு மேல் நீரே இருக்கும். அந்த நீர் முழுவதும் வெளியேறப் பல நாள் நல்ல வெயில் வேண்டும். சனவரி, பிப்ரவரி மாதங்களில் கெடாவில் அது கிடைக்கும். நாங்கள் செய்ததோ மழைக்காலத்தில். உள்ளே ஈரம், வெளியே பூஞ்சணம்.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? "மாணவர்களே, இது ஏன் எரியவில்லை?" என்று கேட்டு, ஈரப்பதத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்க வேண்டும். போட்டி நாளோ நெருங்கிவிட்டது. நடுவர்கள் முன்னிலையில் கட்டை குப்பென்று பற்ற வேண்டும் என்ற ஆசை எனக்கு. உடைந்த வண்ண மெழுகுக் கோல்களையும் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்திகளையும் உருக்கி ஊற்றினோம். பால் பொட்டலங்களையும் பிசுக்கோத்து உறைகளையும் நறுக்கி உள்ளே திணித்தோம். நெகிழி நன்றாக எரியும் அல்லவா? கட்டை பற்றியது. பரிசும் வந்தது. நானும் மாலை போட்டுக்கொள்ளாத குறையாக நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

பரிசுக்குப் பின் நடந்தது

மிச்சமிருந்த கட்டைகளை மாணவர்கள் பகிர்ந்துகொண்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். அவர்களுள் ஒருவன் சுங்கைப் பட்டாணியில் மலிவுவிலை அடுக்குமாடி வீட்டில் வசிப்பவன். அவனுடைய அக்காளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு விறகில் காய்ச்சிய வெந்நீர்தான் உடம்புக்கு நல்லது என்பது அந்த வீட்டுப் பாட்டியின் நம்பிக்கை. முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். அடுக்குமாடியில் விறகுக்கு எங்கே போவது? பேரன் கொண்டுவந்த 'விறகு' அவருக்கு வரமாகத் தெரிந்திருக்கிறது. துணி உலர்த்தும் பின்கட்டில் ஒரு தகர அடுப்பை வைத்துப் பற்றவைத்துவிட்டார். அந்தக் கதவு திறந்தால் தாயும் சேயும் படுத்திருந்த அறை.

இரண்டு மூன்று நாள் இது நடந்திருக்கிறது. குழந்தைக்கு மூச்சுத் திணறி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் புகைதான் காரணம் என்று அறுதியிட்டு எவரும் கூறவில்லை. பிறந்த குழந்தைகளுக்குச் சளி பிடிக்கப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் எதையாவது எரிக்கிறீர்களா?" என்பதுதான். குழந்தை சில நாள்களில் நலமாக வீடு திரும்பியது. நான் பார்க்கப் போயிருந்தேன். பாட்டி என்னைக் கண்டதும், "வாத்தியாரய்யா கொடுத்த விறகுன்னுதான் நம்பி எரிச்சேன்" என்றார். அதில் கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. அருகில் நின்ற மாணவன், "சார், நல்லதுன்னுதானே நாம பேசினோம்?" என்று கேட்டான். விடை கூற என்னால் இயலவில்லை. இந்தக் கட்டுரைதான் அவனுக்கு நான் தரும் காலங்கடந்த விடை.

"பணம் மிச்சமாகிறது" என்பார்க்கு

நாம் ஆசிரியர்கள். கணக்குப் போடுவோம்.

14 கிலோ எடையுள்ள ஒரு சமையல் எரிவாயுத் தோம்பின் கட்டுப்பாட்டு விலை, கிலோவுக்கு 1 வெள்ளி 90 காசு வீதம் 26 வெள்ளி 60 காசு. ஒரு கிலோ எரிவாயுவில் ஏறத்தாழ 46 மெகாஜூல் வெப்பம் உண்டு. 14 கிலோவில் 644 மெகாஜூல். அடுப்பில் எரிக்கும்போது அதில் பாதியாவது பாத்திரத்தைச் சேரும் என்று குறைத்தே கணக்கிடுவோம், 322 மெகாஜூல்.

நன்றாக உலர்ந்த காகிதம் ஒரு கிலோவில் 16 மெகாஜூல் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கல் அடுப்பிலோ தகர அடுப்பிலோ எரித்தால் பெரும்பகுதி வெப்பம் காற்றோடு போகும். நூற்றுக்குப் பதினைந்து பங்கு பாத்திரத்தைச் சேரும் என்று தாராளமாகவே கொள்வோம். கிலோவுக்கு 2.4 மெகாஜூல்தான் கிடைக்கிறது. ஒரு தோம்பு செய்யும் வேலையைச் செய்ய எத்தனை கிலோ காகித விறகு வேண்டும்? 322ஐ 2.4ஆல் வகுத்துப் பாருங்கள். 134 கிலோ!

அந்த 134 கிலோ காகிதத்தையும் கிழித்து, ஊறவைத்து, இடித்து, பிழிந்து, காயவைத்து முடிப்பதற்குள் மாணவன் இடைநிலைப்பள்ளிக்கே போய்விடுவான். அதற்குப் பதில், ஒலிபெருக்கியில் "சூராட் காபார் லாமா..." என்று கூவிக்கொண்டு நம் தாமான்களில் வலம்வரும் பழைய நாளிதழ் லாரிக்காரரிடம் அந்தக் காகிதத்தைப் போட்டால்? கிலோவுக்கு 20 காசே கொடுத்தாலும் 26 வெள்ளி 80 காசு. ஒரு தோம்பு வாங்கிய பிறகும் 20 காசு கையில் நிற்கும்! உழைப்பும் இல்லை, புகையும் இல்லை.

நான்காம் ஆண்டு மாணவன்கூடப் போடக்கூடிய இந்தக் கணக்கைப் போட்டி மேசையில் ஏன் எவரும் போடுவதில்லை? போட்டால் மேசையே காலியாகிவிடும் என்பதாலா?

"இது மறுசுழற்சி" என்பார்க்கு

இல்லை, ஐயா. ஒரு பொருளை மீண்டும் பொருளாக்கினால்தான் மறுசுழற்சி. காகிதத்தின் நார் ஐந்து, ஆறு முறையேனும் மீண்டும் காகிதமாகவோ அட்டையாகவோ ஆகக்கூடியது. எரித்துவிட்டால் அந்தக் கதை அன்றோடு முடிந்தது. குறை, மீண்டும் பயன்படுத்து, மறுசுழற்சி செய் என்று நாமே வகுப்பில் வரிசைப்படுத்திச் சொல்லிக்கொடுக்கிறோம். எரித்தல் அந்த மூன்றில் எதிலும் இல்லை.

நம் கெடா மாநிலம், 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலங்களுள் ஒன்று. 2015ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைத் தரம்பிரித்து வைப்பது இங்குக் கட்டாயம். காகிதம் தனி, நெகிழி தனி, பிற தனி. அதை மாணவர்களுக்குப் பழக்க வேண்டிய நாமே, பிரித்த குப்பையை மீண்டும் ஒன்றாகக் கலந்து கட்டையாக்கக் கற்பிப்பது எந்த வகையில் நியாயம்?

"எதை எரித்தாலும் சாம்பல்தானே" என்பார்க்கு

இங்குதான் பெரும் அறியாமை இருக்கிறது. என் அறியாமையும் இதுதான்.

பால் பொட்டலம் அட்டையால் ஆனதுபோல் தோன்றும். அதன் உட்புறம் நெகிழிப் பூச்சு. சிலவற்றில் அலுமினியத் தாளும் உண்டு. பளபளக்கும் விளம்பரத் தாள்களில் பூச்சும் வண்ண மையும் இருக்கின்றன. கடைகளில் தரும் வழவழப்பான ரசீதில் வேதிப்பொருள் தடவியிருக்கிறது. தளவாடப் பட்டறை மரத்தூளில் ஒட்டுப்பலகையின் பசையும் சாயமும் கலந்திருக்கலாம். பசையில் ஃபார்மால்டிஹைடு உண்டு. குழாய்களிலும் சில உறைகளிலும் உள்ள பிவிசி நெகிழியை எரித்தால் ஐதரசன் குளோரைடு என்னும் அரிக்கும் வளிமம் எழும். குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நச்சும் உண்டாகும். குப்பை எரிக்கும் பெரிய ஆலைகளில்கூட 850 பாகைக்கு மேல் வெப்பத்தை நிறுத்திப் புகையை வடிகட்டித்தான் வெளியே விடுகிறார்கள். நம் தகர அடுப்பில் எந்த வடிகட்டி இருக்கிறது? மாணவனின் நுரையீரல்தான் இருக்கிறது!

வெறும் காகிதமும் உமியும் மட்டுமே என்றாலும், கனன்று புகையும் கட்டையிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய இடத்தில் உயிரையே பறிக்கும்.

சுங்கைப் பட்டாணி மக்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனா அயல்நாட்டு நெகிழிக் கழிவுகளுக்குக் கதவடைத்தது. அந்தக் கழிவுகள் நம் நாட்டுப் பக்கம் திரும்பின. சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. இரவில் எரிந்த நெகிழியின் நாற்றத்தால் தூங்க முடியவில்லை என்று குடியிருப்பாளர்கள் குரல் கொடுத்தார்கள், போராடினார்கள். ஆலைக்காரன் இரவில் எரித்தால் குற்றம் என்கிறோம். ஆசிரியர் பகலில் எரிக்கக் கற்றுக்கொடுத்தால் நற்சான்றிதழா? 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடைசெய்கிறது என்பதையும் நினைவில் கொள்வோம். புகைமூட்டத்தால் 2015, 2019ஆம் ஆண்டுகளில் பல மாநிலங்களில் பள்ளிகளையே மூடினார்கள். முகக்கவசம் அணியச் சொன்ன அதே வாயால் 'எரி' என்று சொல்லலாமா?

"நம் பாட்டிமார் விறகில்தானே சமைத்தார்கள்" என்பார்க்கு

ஆம், சமைத்தார்கள். நானும் அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவன்தான். பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், கரி படிந்த அடுக்களையில், ஈரப் பால்மர விறகை ஊதி ஊதி என் தாயார் சமைத்தார். வெட்டுக்கோட்டில் உறைந்து காய்ந்த பாலைத் துண்டாக்கி அடுப்புப் பற்றவைப்பார். கரும்புகை சுருண்டு கூரைக்கு எழும். வேறு எரிபொருள் அன்று எங்களுக்கு வாய்க்கவில்லை. தோட்டத்தில் அதே பால்மரக் கட்டையைப் புகைக்கூடத்தில் எரித்து ரப்பர் தாள்களை உலர்த்துவார்கள். "புகைக்கூடத்தில் தாள் காயுது, அடுக்களையில் நாம காயுறோம்" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். ஐம்பது வயதில் தொடங்கிய அவருடைய இருமல் கடைசிவரை நிற்கவில்லை. அவர் வெற்றிலைகூடப் போட்டதில்லை, சுருட்டைத் தொட்டதில்லை.

வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். எரிவாயு அடுப்பு வந்த நாளில் என் தாயார் அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுக்கு என்ன பொருள் என்று இப்போது எனக்குப் புரிகிறது. வறுமையால் பட்ட துன்பத்தை 'மரபு' என்று பெயர் மாற்றிப் பேரப்பிள்ளைகள் கையில் கொடுப்பது மரபைப் போற்றுவதாகாது.

அப்படியானால் எரிகட்டையே கூடாதா?

அவ்வாறு நான் கூறவில்லை. தேவை உள்ள இடத்தில் அதற்கு மதிப்பு உண்டு. 2022ஆம் ஆண்டில் இலங்கையில் எரிவாயு கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்று வாடியபோது, நகரத்துக் குடும்பங்களும் விறகுக்கும் மரத்தூள் அடுப்புக்கும் திரும்ப நேர்ந்தது. தமிழ்நாட்டில் நிலக்கடலைத் தோலையும் மரத்தூளையும் எந்திரத்தால் மிக இறுக்கமாக அழுத்திக் கட்டையாக்கி ஆலைக் கொதிகலன்களில் எரிக்கிறார்கள். அந்த அழுத்தம் கல் ஏற்றிப் பிழிவதால் வராது; கொதிகலனுக்குப் புகைபோக்கியும் உண்டு.

நம் கெடாவையே பாருங்கள். நாட்டின் நெற்களஞ்சியம். மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970ஆம் ஆண்டிலிருந்து இருபோகம் விளையும் மண். 100 கிலோ நெல்லைக் குத்தினால் ஏறத்தாழ 20 கிலோ உமி. அந்த உமியை எரித்தால் ஏறத்தாழ 4 கிலோ சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. மரக்கட்டைச் சாம்பலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு அதிகம்! ஏன்? நெற்பயிர் மண்ணிலிருந்து எதை உறிஞ்சுகிறது? உமிச் சாம்பலைச் சிமிட்டியில் ஏன் கலக்கிறார்கள்? ஒரு பிடி உமியை வைத்துக்கொண்டு ஒரு தவணை முழுவதும் அறிவியல் நடத்தலாமே! அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கூழாக்கி உருட்டி வைக்கிறோம்.

நான் கேட்டுக்கொள்வது

ஆசிரியர்களே, காகித விறகுதான் செய்வோம் என்றால் உண்மையான ஆய்வாகச் செய்யுங்கள். திறந்தவெளியில், அனுமதி பெற்று, ஆசிரியர் மட்டுமே தீப்பற்றவைக்க, ஒரே அளவு நீரைக் கொதிக்கவைக்க எத்தனை கிராம் காகிதக் கட்டை, எத்தனை கிராம் உலர்ந்த விறகு, எத்தனை கிராம் எரிவாயு என்று நிறுத்துப் பாருங்கள். நெகிழி, மெழுகு, பூச்சுத்தாள், பட்டறைத்தூள் எதுவும் வேண்டா. 'தோற்றது' என்ற முடிவு வந்தால், அதையே துணிவுடன் மேசையில் வையுங்கள். பொய்யான வெற்றியைவிட மெய்யான தோல்வி மாணவனுக்கு நல்ல பாடம்.

நடுவர்களே, "எப்படிச் செய்தாய்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இதில் என்னென்ன கலந்திருக்கிறது? எரித்தால் என்ன வெளிவரும்? யார் வீட்டில், எந்த அடுப்பில் எரிப்பார்கள்?" என்றும் கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளை அன்று ஒரு நடுவர் என்னிடம் கேட்டிருந்தால், அந்தக் கட்டைகள் மாணவர்களின் வீடுகளுக்குப் போயிரா.

பெற்றோர்களே, பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவந்தது என்பதற்காக எதையும் அடுப்பில் வைக்காதீர்கள். பழைய காகிதத்தைக் கட்டி விற்று, அந்தப் பணத்தைப் பிள்ளையின் உண்டியலில் போடுங்கள். காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் குழியிலோ தொட்டியிலோ இட்டு மட்கவிடுங்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் எளிய வழி இது. கெடா மண்ணில் வெண்டையும் கத்தரியும் விளையாமல் போகுமா என்ன?

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பரிசு வெல்ல வேண்டும் என்ற நம் ஏக்கம் எனக்கும் உண்டு. "தோட்டப் பள்ளிதானே" என்று இளக்காரமாகப் பார்த்தவர்கள் முன் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற வெறியில்தான் நானும் மெழுகை ஊற்றினேன். அந்த வெறியில் தவறில்லை. அதற்குக் குறுக்கு வழி தேடியதே தவறு.

அந்த மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். கட்டை செய்ய உதவிய பால்மாவு டின் இன்னும் என் வகுப்பறை அலமாரியில் இருக்கிறது. அதன் அடியில் நாங்கள் ஆணியால் இட்ட துளைகள் அப்படியே உள்ளன. சென்ற மாதம் அதில் மண் நிரப்பி, மட்கிய இலை கலந்து, கறிவேப்பிலைக் கன்று ஒன்றை நட்டேன். தண்ணீர் வடிய அந்தத் துளைகள் போதும்.

சிந்திப்போம். திருத்திக்கொள்வோம்.